வெட்டாமல் விட்ட இடம்

இரானி ஹோட்டல் போர்டில் இருக்கும் ‘சாய்’ என்ற உருதுச் சொல்லை ஒரு பலகையிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தான ‘சே’யின் அடியில் மூன்று புள்ளிகள். அதோடு சேர்ந்து நிற்கும் ‘அலிஃப்’ அடுத்த எழுத்துக்குக் கை கொடுக்காது. சொல் அங்கே அறுந்துவிடும். பின்னால் வரும் ‘யே’யின் தலையில் ‘ஹம்ஸா’ என்ற சின்னக் கொக்கி. அதுவும் எதையும் தொடாது. எழுதும்போது இதெல்லாம் ஒரு சங்கடமும் இல்லை, காகிதம் தாங்கிக்கொள்ளும். பலகையில் வெட்டினால் ஆறு துண்டாக உதிரும். அதில் நான்கு, லேசரால் வெட்டும் மெஷினின் தேன்கூட்டுத் தட்டின் கண்களில் விழுந்து காணாமலே போகும்.

டிசைன் படிக்கும் என் அக்கா மகள் இந்தச் சொல்லைத்தான் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்டப் பலகையாக்கியிருக்கிறாள். 3 மில்லிமீட்டர் பிளைவுட், சுற்றிலும் ஒரு வளையம், நடுவே சொல். ஹைதராபாத் சாப்பாட்டுக் கடைகளின் பெயர், போர்டு, பெட்டி, மெனு அட்டை இவற்றைப் பற்றி அவள் கல்லூரியில் ஒரு ஆய்வு செய்தாள். அதில் மிச்சப்பட்டவைதான் இப்படிப் பரிசுப் பொருள்களாகின்றன. சாவிக்கொத்து, வாசல் பெயர்ப்பலகை, பிறந்தநாளுக்குப் பெயர் வெட்டிய பெட்டி என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கிறது. மற்றவை கிடக்கட்டும், இந்த வட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

உருதுவை எழுதும் நஸ்தலீக் பாணியில் ‘யே’யின் வால் இடமிருந்து வலமாகத் திரும்பிச் சொல்லின் அடியில் ஓடும். அந்த வாலை அவள் இன்னும் சற்று நீட்டி, ‘சே’யின் மூன்று புள்ளிகளையும் அதன்மேல் உட்கார வைத்துவிட்டாள். வாலின் நுனி வளையத்தைத் தொடுகிறது. அலிஃபின் உச்சியும் வளையத்தைத் தொடுகிறது. ஹம்ஸா ஒரு மயிரிழை மேலே ஏறி, அதுவும் வளையத்தில் ஒட்டிக்கொண்டது. உதிர வேண்டிய ஆறும் ஒரே துண்டாக நிற்கின்றன. பாலம் போட்ட தடயம் எங்கும் தெரியவில்லை. உருது படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். எந்தக் காத்திப், அதாவது எந்த எழுத்துக் கலைஞர், எழுதியது என்று கேட்டார்.

லேசர் வெட்டு என்றதும் நம்மவர்கள் மெஷினின் துல்லியத்தைத்தான் புகழ்கிறார்கள். துல்லியம் மெஷினோடு கூடவே வந்தது. அதற்குப் பணம் கொடுத்தாயிற்று. பாராட்ட வேண்டியது கோட்டை எங்கே நிறுத்தினார்கள் என்பதை.

இன்னொரு பலகையில் தெலுங்கில் ‘சமோசா’. தெலுங்கு எழுத்துகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு ‘டிக்’ குறி உண்டு. தலக்கட்டு என்பார்கள். ப, ஸ போன்ற எழுத்துகளில், பல எழுத்துருக்களில், அது உடலைத் தொடாமல் மிதக்கும். இங்கே உருதுவில் செய்த தந்திரம் பலிக்காது, ஏனென்றால் சொல் நீளம், வளையம் தூரம். அதனால் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் விட்டிருக்கிறாள். தலக்கட்டின் அடிப்புள்ளியிலிருந்து நேர் கீழே இறக்கியிருந்தால் முட்டுக் கொடுத்தது போல அசிங்கமாக இருந்திருக்கும். பேனா உடலை எழுதி முடித்துத் தலக்கட்டுக்குத் தாவும்போது காற்றில் எந்தப் பக்கம் போகுமோ, அந்தச் சாய்விலேயே பாலம் போகிறது. படிக்கிறவர் கண்ணுக்கு அது கையெழுத்தின் வேகமாகத்தான் படும்.

தமிழுக்குப் புள்ளி. ‘பன் மஸ்கா’ என்று வெட்டினால் இரண்டு புள்ளிகள் தொலையும். ‘ஃ’ முழுசாகவே போய்விடும். இந்தத் தொல்லை நமக்குப் புதிதில்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு பொத்துக்கொள்ளும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்று பார்த்துப் பார்த்துப் பிரித்துத்தான் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். படிப்பவர் புரிந்துகொள்வார் என்று ஏடெழுதியவர் விட்டதைப் பரிசுப் பொருளில் விட முடியாது. இவள் புள்ளிகளை மேலே ஏற்றி வளையத்தின் உள்விளிம்பில் அரை வட்டமாகப் பதித்திருக்கிறாள், கூரையில் தொங்கும் பல்பு மாதிரி. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை; பிறகு சொல்கிறேன்.

இந்த மெஷினுக்கு ஒரு இந்திய வேர் உண்டு. மரம், அக்ரிலிக், துணி, தோல் எல்லாவற்றையும் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் சி. குமார் என். பட்டேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர். அந்தக் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரான், மனிதக் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் ஓடும்போது பலகைமேல் நகர்கிற சிவப்புப் பொட்டைப் பார்த்து அதுதான் வெட்டுகிறது என்று நினைக்கிறோம். அது வழிகாட்ட மட்டும் தனியாக வைத்த சின்ன டயோடு.

கதிருக்கும் ஒரு தடிமன் இருக்கிறது. ரம்பம் தூள் தள்ளுவதுபோல அதுவும் தன் பாதையிலுள்ள மரத்தைப் புகையாக்கிவிட்டுத்தான் போகும். பிளைவுட்டில் சுமார் 0.15 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பெட்டியின் மூலையில் விரல் கோத்த மாதிரி இரண்டு பலகைகள் பொருந்த வேண்டும். கம்ப்யூட்டரில் பல்லும் 3, பள்ளமும் 3 என்று வரைந்தால், வெட்டி வரும்போது பல் 2.85 ஆகிவிடும், பள்ளம் 3.15. இடைவெளி 0.3. பெட்டி லொடலொடக்கும், கோந்து வைத்து அடைக்க வேண்டியதுதான். அதனால் வரையும்போதே பல்லைக் கொஞ்சம் தடிக்கவும் பள்ளத்தைக் கொஞ்சம் ஒடுக்கவும் வேண்டும். எவ்வளவு என்பது அந்த மெஷினுக்கும் அன்று வாங்கிய பிளைவுட்டுக்கும் மட்டுமே பொருந்தும் கணக்கு. கடையில் 3 மில்லிமீட்டர் என்று கொடுக்கும் ஷீட் ஒரு மூலையில் 2.8 இருக்கும், மறு மூலையில் 3.1. அவளுடைய பெட்டிகளை நான் திருப்பிப் பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான். கோந்து இல்லை. மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் இறுகி நிற்கிறது. கழற்ற வேண்டுமென்றால் கழற்றவும் முடிகிறது.

வெட்டுவது ஹைதராபாத் ஜீடிமெட்லாவில், ஒரு ஷெட்டில். பாலாநகரிலிருந்து நரசாபூர் ரோட்டில் சிந்தல், ஷாப்பூர் நகர் தாண்டிப் போனால் வரும் தொழிற்பேட்டை. மருந்துக் கம்பெனி, கெமிக்கல், பிளாஸ்டிக், பேக்கிங் அட்டை, தகர வேலை எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். எச்.எம்.டி. மெஷின் தொழிற்சாலை இதே சாலையில்தான். அச்சும் டையும் செய்யக் கற்றுக்கொடுக்கும் மத்திய கருவி வடிவமைப்பு நிலையம் 1968-இல் தொடங்கியது பக்கத்து பாலாநகரில். உலோகத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பேசும் பழக்கம் இந்த வட்டாரத்தில் அன்றே ஊறிவிட்டது. நகரத்தின் மறுபக்கம் ராயதுர்கத்தில் 2023-இல் திறந்த டி-வொர்க்ஸ் இருக்கிறது. மாதிரி செய்து பார்ப்பதற்கென்றே அரசு கட்டிய பளபளப்பான கூடம். அவள் அங்கும் போகிறவள்தான். ஆனாலும் பரிசு வேலைக்கு ஜீடிமெட்லா ஷெட்டையே நம்புகிறாள்.

காரணம் விலை. ஷெட்டில் நிமிஷக் கணக்கில் காசு. விளிம்பை வெட்டுவது சீக்கிரம் முடியும். எழுத்தை மேலோடு சுரண்டி நிரப்பச் சொன்னால் மெஷின் தலை வரி வரியாகப் போய் வந்துகொண்டே இருக்கும், மீட்டர் ஏறிக்கொண்டே இருக்கும். “அன்னா, நிரப்ப வேணாம், வெறும் கோடு போதும்” என்று ஆபரேட்டரிடம் அவள் தெலுங்கில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவளுடைய படங்களில் நிழல் எல்லாம் இணைகோடுகளாக இருப்பதன் ரகசியம் இதுதான். பழைய பத்திரிகை மரச்செதுக்குப் படங்களின் சாயல் அதில் தானாக வந்து சேர்ந்தது. சிக்கனத்தில் பிறந்த அழகு என்பதால் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

ஆபரேட்டருக்கும் பங்கு உண்டு. அவள் வரைந்து கொடுத்த கோரல் ஃபைலைத் திறந்ததும் உள்ளே இருக்கும் வட்டங்களை முதலிலும் வெளிவிளிம்பைக் கடைசியிலும் வெட்டும்படி மாற்றி வைப்பவர் அவர்தான். வெளிவிளிம்பு முதலில் அறுந்தால் பலகை ஒரு நூல் நகரும், அப்புறம் உள்ளே இருப்பதெல்லாம் கோணல். யாரோ கொண்டுவந்த பி.வி.சி. ஷீட்டை மட்டும் அவர் தொடவே மாட்டார். அதிலிருந்து வரும் குளோரின் கலந்த புகை நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் கண்ணாடிக்கும் கேடு.

மெஷின் வெட்டியதைக் கைவேலை என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வெட்டு முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கறை படியாமல் இருக்க வெட்டுவதற்கு முன் ஒட்டிய பேப்பர் டேப்பை எழுத்தெழுத்தாக ஊசியால் நிமிண்டி எடுக்க வேண்டும். ‘யே’யின் வாலுக்குள் மாட்டிய டேப் சுலபத்தில் வராது. பிறகு விளிம்புக் கரியை மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பது, ஸ்பிரிட்டில் துடைப்பது, மெழுகு பூசுவது. கரியை முழுக்க எடுத்துவிட மாட்டாள். பிளைவுட்டின் வெட்டுமுகத்தில் ஒரு காப்பிக்கொட்டை நிறம் மிச்சமிருக்கும். மேல்முகம் வெளிறி, பக்கம் கறுத்து இருப்பதால் எழுத்துக்குத் தானாகவே ஒரு கோடு கட்டினாற்போல் ஆகிறது.

சொற்களை எப்படித் தேர்ந்தாள் என்று பார்த்தால் அந்த ஆய்வு தெரியும். ஹைதராபாத் ரெட் ஹில்ஸில் 1978-இல் தொடங்கிய டீக்கடையான கஃபே நிலோஃபர், பக்கத்து நிலோஃபர் ஆஸ்பத்திரியின் பெயரை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயரைத் தந்தவர் இளவரசி நிலோஃபர், துருக்கி உஸ்மானிய வம்சத்துப் பெண். அவரை மணந்தவர் கடைசி நிஜாமின் இரண்டாவது மகன் மொஅஸ்ஸம் ஜா. 1935-இல் கட்டிய கருங்கல் மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட் இவர் பெயரில். டீயோடு வரும் உப்பும் இனிப்புமான உஸ்மானியா பிஸ்கட்டோ அந்தக் கடைசி நிஜாம் உஸ்மான் அலி கான் பெயரைச் சொல்லி விற்பது. டீ மருமகள் பெயரில், பிஸ்கட் மாமனார் பெயரில், வாங்கப் போகும் சந்தை மகன் பெயரில்! அந்தத் தம்பதி 1952-லேயே பிரிந்துவிட்டார்கள். டீத்தட்டில் மட்டும் குடும்பம் பிரியவில்லை. ஆய்வேட்டில் இதை ஒரு வம்சாவளி மரமாக வரைந்திருக்கிறாள், நடுவே ஒரு சாஸர்.

அதே மார்க்கெட் ஓரத்தில் 1953-இல் கராச்சி பேக்கரியைத் தொடங்கியவர் கான்சந்த் ராம்னானி, பிரிவினையில் கராச்சியை விட்டு வந்த சிந்தி. விட்டு வந்த ஊரையே போர்டில் எழுதி வைத்தார். 2019-இல் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பெங்களூர்க் கிளையின் முன் ஒரு கூட்டம் திரண்டு சத்தம் போட, ‘கராச்சி’ என்ற சொல்லைத் துணியால் மூடினார்கள். பிராண்டிங் பாடத்தில் இதற்கு எந்த அத்தியாயம் என்று எனக்குத் தெரியாது. அவள் ஒரு பக்கத்தில் வெறும் ‘பேக்கரி’ என்ற சொல்லை மட்டும் வலப்பக்கம் ஒதுக்கி அச்சிட்டு, இடப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

செகந்தராபாத் பாரடைஸும் 1953-தான். பாரடைஸ் டாக்கீஸை ஒட்டி நடந்த டீக்கடையாக ஆரம்பித்தது. படம் காட்டிய கொட்டகை போய், பிரியாணி தங்கிவிட்டது. இன்று மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர். ஆய்வின் கடைசியில் புதிய லோகோ ஒன்றும் வரைந்து காட்டவில்லை என்று மார்க் குறைத்தார்களாம். அவள் பக்கம்தான் நான். மார்பிள் மேஜையும் மூலைக்கடை வாசலும் கண்ணாடி ஜாடி பிஸ்கட்டும் இருக்கிற இடத்தில் புது லோகோ எதற்கு?

தமிழ்ப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். ‘ன்’ மேல் இருக்கும் புள்ளி எழுத்தைவிட்டு ரொம்ப மேலே போய்விட்டது. அரை வட்டமாகத் தொங்குவதால் படிக்கிறவர் ‘பன’ என்று படித்துவிட்டு அப்புறம்தான் மேலே பார்ப்பார். எழுத்துருவும் தெலுங்குக்கு எடுத்தது போல உருண்டையாக இல்லை, வட்டத்துக்குள் கட்டம் கட்டமாக நிற்கிறது. சொன்னேன்.

“மாமா, புள்ளியைச் சின்னதாக்கி கிட்ட வச்சா பாலம் அரை மில்லி ஆயிடும். மெழுகு போடும்போதே பட்டுனு போயிடும்.”

“அப்ப பலகையை மாத்து.”

“4 மில்லி பிளை வாங்கிக் குடுங்க, மாத்தறேன். நிமிஷக் காசும் உங்களோடது.”