கொடிக்கம்பத்து ஓரம்

ஒரு கால்பந்து கிளப்பின் பெருமையைக் கேட்டால் உடனே கோப்பைகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ரியல் மாட்ரிட் என்றால் 15 ஐரோப்பியக் கோப்பைகள். 1956 முதல் 1960 வரை விடாமல் ஐந்து. அதில் ஐந்தாவதை வென்ற கிளாஸ்கோ இறுதியாட்டத்தில் ஃபிராங்க்ஃபர்ட் அணியை 7-3 என்று சாய்த்தபோது புஸ்காஸ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கணக்குப்பிள்ளை வேலை. ஓர் அணியின் தரத்தை எடைபோட எனக்கு ஒரே ஒரு காட்சி போதும்: அது கார்னர் அடிக்கும் விதம்.

எங்கள் கனகம்மாசத்திரத்துப் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அறுவடை முடிந்த கழனியில் இரண்டு செருப்புகளை கோல்போஸ்டாக வைத்து ஆடுகிறவர்களுக்குக் கார்னர் என்பது ஆட்டமே இல்லை, பாக்கிக் கணக்கு. ‘மூணு கார்னர், ஒரு பெனால்டி’ என்பது சட்டம். கொடி நட மூலை ஏது? வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம். அதனால் பந்தை மூலையிலிருந்து தூக்கிப் போடும் வித்தையை யாரும் பழகுவதில்லை. நம் ஊர் ரசிகர்களும் கார்னரில் விழுந்த கோலை ஏதோ சில்லறை கோல் என்றே பேசுகிறார்கள். பத்துப் பேரைத் தாண்டிக்கொண்டு ஓடினால்தான் அவர்களுக்குக் கலை.

நான் அப்படி நினைக்கவில்லை. ஓடுகிற பந்தில் பாதி தற்செயல். கார்னரில் பந்து அசையாமல் கிடக்கிறது, எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடும் கிடையாது. சாக்குச் சொல்ல இடமில்லை. அடிப்பவர் கையைத் தூக்குகிறார். பெட்டிக்குள் இருபது பேர் தோளால் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோல்கீப்பருக்கு ஒரே தர்மசங்கடம்: வெளியே வந்து பந்தைக் குத்துவதா, கோட்டிலேயே நிற்பதா? நல்ல கார்னர் என்பது அவரை இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிடுவது. அரை கஜம் உள்ளே வந்தால் அவர் கைக்குப் போய்விடும். அரை கஜம் தள்ளிப்போனால் தலைக்கு எட்டாது. அந்தக் குறுகிய சந்தில், ஓடி வருகிறவன் எந்த நொடியில் எம்புவான் என்பதையும் கணித்துப் பந்தை இறக்க வேண்டும். திருவாலங்காடு எங்களுக்குப் பக்கம்தான். அங்கே நடனப் போட்டியில் காளியைத் தோற்கடிக்க ஈசனுக்கு ஒரு கால் போதுமாக இருந்தது. இங்கே ஒருவன் காலும் இன்னொருவன் தலையும் ஒத்துப்போக வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். பெங்களூரு எஃப்.சி. லீக் சுற்றில் 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னையின் எஃப்.சி. எட்டுப் புள்ளி பின்னால் இரண்டாவது. பெங்களூருவின் பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகா, பார்சிலோனாவில் ரைக்கார்டுக்கு உதவியாளராக இருந்தவர். கோலில் குர்பிரீத் சிங் சந்து, ஆறரை அடி உயரம், நார்வேயில் ஆடிவிட்டு வந்தவர். ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி தலையால் கோல் போட்டுவிட்டார். அவர்கள் மண், அவர்கள் கூட்டம். அன்றைக்கு நியாயமாகச் சென்னை தோற்றிருக்க வேண்டும்.

17-வது நிமிடம் சென்னையின் கிரிகரி நெல்சன் கார்னர் அடித்தார். பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ், தடுப்பாட்டக்காரர், எம்பி முட்டினார். 1-1. இடைவேளைக்கு முன் 45-வது நிமிடம் மறுபடியும் நெல்சன், மறுபடியும் மைல்சன். ஒரே பாடத்தை ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை நடத்தினார்கள். ஆறரை அடிக்காரர் காத்த கோலில் இரண்டு முறையும் தலைதான் வென்றது. பிறகு 67-வது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தது கண்ணுக்கு அழகான கோல். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டவும் அதுதான் தோது. கடைசியில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க, 3-2. ஆட்டத்தை வென்றது கொடிக்கம்பத்து ஓரம்தான் என்பது என் கட்சி.

சென்னையின் முதல் கோப்பை, 2015 டிசம்பரில் கோவாவில் வாங்கியது, வேறு ரகம். மழை வெள்ளத்தில் நகரம் மூழ்கியிருந்ததால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடிய அணி அது. இறுதியில் 87-வது நிமிடத்தில் 2-1 என்று பின்தங்கி, எதிரணி கோல்கீப்பரின் சொந்த கோலாலும் மெண்டோசாவாலும் சில நிமிடங்களில் பிழைத்தது. நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் அதில் கைவினை குறைவு, அதிர்ஷ்டம் அதிகம். 2018-ஐத்தான் நான் திரும்பப் பார்க்கிறேன்.

பெரிய கிளப்புகளின் பெரிய இரவுகளும் இந்த மூலையில்தான் முடிவாகியிருக்கின்றன. 1999-இல் பார்சிலோனாவில் பேயர்ன் மியூனிக்கிடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த மான்செஸ்டர் யுனைடெட், நடுவர் கடைசியில் கூட்டிக் கொடுத்த சில நிமிடங்களில் பெக்காமின் இரண்டு கார்னர்களால் ஐரோப்பியக் கோப்பையைப் பறித்தது. முதலாவதில் கோல்கீப்பர் ஷ்மைக்கேலே எதிரணிப் பெட்டிக்கு ஓடி வந்துவிட்டார்! 2014 லிஸ்பனில், நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம், 93-வது நிமிடத்தில் மோட்ரிச் அடித்த கார்னரை செர்ஹியோ ராமோஸ் முட்டியிராவிட்டால் ரியல் மாட்ரிட்டின் பத்தாவது கோப்பை அத்லெட்டிகோவுக்குப் போயிருக்கும்.

பதினைந்தாவதும் அப்படியே. 2024 ஜூன் 1, வெம்ப்ளி, டார்ட்மண்டுக்கு எதிராக 74-வது நிமிடம். அடித்தவர் டோனி க்ரூஸ். கிளப் ஆட்டத்தில் அவருக்கு அது கடைசி இரவு. பெட்டிக்குள் நெட்டையர்கள் எத்தனையோ பேர் இருக்க, பந்து போய்ச் சேர்ந்தது கார்வஹாலிடம். ஐந்தே முக்கால் அடி கூட இல்லாத வலதுபுறத் தடுப்பாட்டக்காரர். அவர் முன்கம்பத்துப் பக்கம் பாய்ந்து முட்டியபோது, அவரைவிட உயரமான ஒருவருக்கும் அந்த நொடி பிடிபடவில்லை.