உள்ளடக்கிய புத்தாக்கம்: நம் ஆய்வேடுகள் ஏணியின் எப்படியில் நிற்கின்றன?

பன்னாட்டு மேம்பாட்டுத் துறையில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வோரிடையே 'உள்ளடக்கிய புத்தாக்கம்' என்னும் தொடர் பெருவழக்குப் பெற்றுள்ளது. விளிம்பில் நிற்போரையும் புதுமையின் பயனுக்கும் ஆக்கத்திற்கும் உரியவராக்குதல் என இதற்குப் பொருள் கூறலாம். இவ்விரண்டனுள் பயனை மட்டுமே பேசி, ஆக்கத்தைக் கைவிடும் போக்கு ஆய்வேடுகளில் மிகுந்து வருகிறது என்பது எமது கருத்து. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயைக் கொண்டே செலுத்த இயலாதோருக்கும் கண்புரை அறுவை செய்யப்படுகிறது. 1992இல் தொடங்கப்பெற்ற ஆரோலேப், பெரிதும் இறக்குமதியை நம்பியிருந்த செயற்கை விழிவில்லையைக் குறைந்த விலையில் ஆக்கி அளித்தது.

கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத், பிரமிடின் அடித்தளத்துச் செல்வம் பற்றி 2004இல் வெளியிட்ட நூலில் அரவிந்தை ஓர் எடுத்துக்காட்டாக்கினார். ஏழையரை நுகர்வோராக மதித்தால் பெருநிறுவனங்களுக்கு ஈட்டமும் உண்டு, வறுமையும் குறையும் என்பது அந்நூலின் வாதம். ஏழையரை உற்பத்தியாளராகவே நோக்கவேண்டும் என அனில் கர்னானி 2007இல் இதனை மறுத்தெழுதினார். அம்மறுப்பு வலிமையுடையதே. ஆயினும் எமக்குத் தோன்றும் இடர் இன்னும் எளியது. அரவிந்த் ஓர் அறக்கட்டளையின் பணி; பெருநிறுவனமன்று. கட்டணமின்றி அறுவை பெறும் முதியவரை நுகர்வோர் என்பதும் பொருந்தாது. வாதத்திற்குச் சான்றாகாத ஒன்று சான்றாக நிற்பதை ஆய்வு மாணவர் வினவாது மேற்கோளாக்கிக்கொள்வது வியப்பளிக்கிறது.

ரிச்சர்ட் ஹீக்ஸும் உடனாய்வாளரும் 2013இல் முன்வைத்த ஏணி இங்குத் துணைபுரியும். நோக்கம், நுகர்வு, தாக்கம், செயல்முறை, கட்டமைப்பு, பின்கட்டமைப்பு என அதற்கு ஆறு படிகள். அறுவைகளின் எண்ணிக்கையை அடுக்கும் ஆய்வேடு மூன்றாம் படியைத் தாண்டுவதில்லை. பள்ளிப்படிப்பு முடித்த சிற்றூர்ப் பெண்களை இரண்டாண்டு பயிற்றி, மருத்துவருக்குரிய பணிகளுள் பலவற்றை அவர்கள் கையில் ஒப்படைத்த ஏற்பாடன்றோ அரவிந்தின் தனிப்பெரும் புதுமை? அது நான்காம் படிக்குரியது. அப்பெண்களின் ஊதியம், பணிநேரம், முடிவெடுப்பதில் அவர்களுக்குள்ள இடம் ஆகியவற்றை வினவினாலன்றி ஐந்தாம் படி இல்லை.

வராதவரைத் தேடிச் சென்ற ஆய்வே பயன் விளைத்தது என்பதும் கருதத்தக்கது. அஸ்ட்ரிட் பிளெட்சரும் அரவிந்தைச் சார்ந்தோரும் 1999இல் வெளியிட்ட கட்டுரை, கண் குறையுடைய ஊரகத்தாருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்தனர் எனக் காட்டியது. அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, முதுமையில் இது இயல்பே என்னும் எண்ணம் ஆகியவை தடையாயின. முகாமொன்றே போதாது என்பது தெளிவாயிற்று. 2004 முதல் ஊர்ப்புறங்களில் நிலையான பார்வை மையங்கள் தோன்றின. வெற்றிக்கதையையே நாடும் ஆய்வாளருக்கு இவ்வுண்மை அகப்பட்டிராது.

ஆறாம் படி சொல்லாடலைப் பற்றியது. தமிழாசிரியர்க்கு இது அயலன்று. 'கண்ணுல பூ விழுந்துருச்சு' என்று ஒரு மூதாட்டி கூறினால், அச்சொல் கருவிழித் தழும்பையும் குறிக்கலாம், புரையையும் குறிக்கலாம். புரை அறுவையால் தீரும்; தழும்பு அவ்வறுவையால் தீராது. ஆங்கில வினாநிரலோ இரண்டையும் ஒரே கட்டத்துள் அடைத்துவிடும். நிருவாகியை ஆங்கிலத்தில் ஒரு மணிநேரம் நேர்கண்டு, நோயாளியை மொழிபெயர்ப்பாளர்வழி ஐந்து நிமிடம் வினவும் ஆய்வுமுறையை மேற்பார்வையாளர் ஏற்பது தகாது. நேர்காணலின் தமிழ் மூலவடிவத்தையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்குமாறு தேர்வாளர் கேட்கலாம்.