பொதுச்சுவர் வீடுகள்

பட்டு நெசவுக்குப் பேர்போன கண்ணமங்கலம், ஆரணி வட்டாரத்தில் பழைய வீட்டை இடிக்காமல் புதுப்பிக்கிறவர்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. திண்ணை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், உள்ளே தறி என்று அமைந்த வீடு பிழைப்பையும் உறவையும் சேர்த்தே தாங்குகிறது.

இந்த வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையை அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் சட்டங்கள், அவற்றின்மேல் மூலைவாட்டமாகச் செங்குத்தாக அடுக்கிய மெல்லிய செங்கற்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம்.

உத்திரம் பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனையில்தான் உளுக்கும். தேர்ந்த தச்சர் அந்த முனையை மட்டும் அறுத்து, புதுத் தேக்கைக் கூட்டு வெட்டி இணைத்துவிடுவார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, காரை பெயரும்.

குழித்தறி இருக்கும் அறையில் இன்னும் கவனம் வேண்டும். தரையை ஒட்டி ஓடும் பாவு நூலுக்கு மண்ணின் குளுமை தேவை. வறண்டால் பட்டு இழை அறும். அங்கே டைல்ஸ் ஒட்டவே கூடாது.

பொதுச்சுவரில் அடுத்த வீட்டு உத்திரமும் ஊன்றியிருக்கும். ஆகவே கடப்பாரையை எடுக்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். ஒரு வீட்டைக் காப்பாற்றினால் பக்கத்து வீடும் பிழைக்கும்.