எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்கும்? மூன்று லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒரு சோதனை

லினக்ஸில் ஏற்கெனவே இருந்த பிடிஎஃப் செயலியை நீக்கிவிட்டு, அடுத்த முறை ஒரு பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்து பாருங்கள். ஜிம்ப் திறந்து, எந்தெந்தப் பக்கங்களை உள்ளே எடுக்க வேண்டும் என்று கேட்கக்கூடும். படம் திருத்தும் செயலிக்கு மின்கட்டண ரசீதில் என்ன வேலை? காரணம் எளிது. பிடிஎஃப்பைத் திறக்கத் தனக்குத் தெரியும் என்று ஜிம்ப் தன் விவரக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. இங்க்ஸ்கேப்பும் லிப்ரெஆபிஸ் டிராவும் அப்படியே எழுதிவைத்திருக்கின்றன. நாம் யாரையும் தேர்ந்தெடுக்காதபோது, ‘தெரியும்’ என்று சொன்ன யாரோ ஒருவரிடம் கோப்பு போய்ச் சேர்கிறது.

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களைச் சலிப்படைய வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதனால் கேடிஇ பிளாஸ்மா 6, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ மூன்றையும் ஒரே கணினியில், ஒரே பயனர் கணக்கில் நிறுவி, கோப்பு வகைக்குச் செயலியை நிர்ணயிக்கும் வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு சோதித்தேன்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம், லினக்ஸ் டெஸ்க்டாப்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில விதிமுறைகளை வகுத்தது. அதன்படி ஒவ்வொரு செயலிக்கும் ஒரு டெஸ்க்டாப் கோப்பு இருக்கும். அந்தச் செயலி திறக்கக்கூடிய வகைகளின் பட்டியல் அதில் இருக்கும். நம்முடைய தேர்வுகள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில், ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ என்ற வெறும் எழுத்துக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. அதில் மூன்று பகுதிகள்: இயல்பாகத் திறக்க வேண்டியவை, கூடுதலாகச் சேர்த்தவை, நீக்கியவை. வரிக்கு இடப்பக்கம் கோப்பு வகை, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் செயலியின் டெஸ்க்டாப் கோப்பின் பெயர். நோட்பேட் அளவுக்கு ஒரு எடிட்டர் இருந்தால் யாரும் திருத்தலாம்.

மூன்று டெஸ்க்டாப்களும் இந்த ஒரே கோப்பைத்தான் படிக்கின்றன. கேடிஇயில் பிடிஎஃப்புக்கு ஓகுலரை நிர்ணயித்துவிட்டு க்னோமுக்குள் நுழைந்தால் அங்கேயும் ஓகுலரே திறக்கிறது. இந்த அடித்தளத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். வேறுபாடெல்லாம் அதன்மேல் கட்டிய ஜன்னல்களில்தான்.

கேடிஇயின் ஜன்னல் மிக விரிவானது. சிஸ்டம் செட்டிங்ஸில் டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ் பக்கத்திலேயே பிரவுசர், மின்னஞ்சல், பிடிஎஃப், படம், இசை, வீடியோ, டெக்ஸ்ட் எடிட்டர் என்று அன்றாடத் தேவைகள் வரிசையாக நிற்கின்றன. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஃபைல் அசோசியேஷன்ஸ் பக்கம் இருக்கிறது. கணினி அறிந்த வகைகள் எல்லாம் அங்கே உண்டு, தேடவும் முடியும். ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தால், அதைத் திறக்கக்கூடிய செயலிகள் முன்னுரிமைப்படி வலப்பக்கம் தெரியும். ஒன்றை மேலே நகர்த்தலாம், கீழே தள்ளலாம், அடியோடு நீக்கலாம். பிடிஎஃப் பட்டியலிலிருந்து ஜிம்ப்பை நீக்கி, சேமித்து, மைம்ஆப்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன்; ‘நீக்கியவை’ பகுதியில் அதற்கான வரி எழுதப்பட்டிருந்தது. இதுதான் நிரந்தரத் தீர்வு. இனி எந்தச் செயலி வந்தாலும் போனாலும் பிடிஎஃப் ஜிம்ப்புக்குப் போகாது. கேடிஇயின் கோப்பு மேலாளரான டால்ஃபினில் ஒரு கோப்பின் ப்ராப்பர்ட்டீஸிலிருந்தே இந்தப் பக்கத்துக்கு வர வழி இருப்பதும் நல்ல ஏற்பாடு.

க்னோமில் நேர்மாறு. செட்டிங்ஸில் இருப்பவை ஆறே வகைகள்: வலை, மின்னஞ்சல், காலண்டர், இசை, வீடியோ, படங்கள். அலுவலகத்திலும் கல்லூரியிலும் அதிகம் புழங்கும் பிடிஎஃப்புக்கு அங்கே இடமில்லை. சாதாரண டெக்ஸ்ட் கோப்புக்கும் இல்லை. அந்த வகைக் கோப்பு ஒன்றைத் தேடிப்பிடித்து, ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’ போய், செயலியைத் தேர்ந்தெடுத்து, இந்த வகைக்கு எப்போதும் இதையே பயன்படுத்து என்ற சுவிட்சைத் தட்ட வேண்டும். தெரிந்தவர்களுக்கு இது எளிய வழிதான். தெரியாதவர் செட்டிங்ஸில்தான் தேடுவார். அங்கே கிடைக்காவிட்டால் வசதியே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

எக்ஸ்எஃப்சிஇ 4.16-இலிருந்து எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் வந்துவிட்டது. மூன்றாவது டேபில் வகைகளின் முழு அட்டவணை இருக்கிறது. அழகில்லை, வேகம் உண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் டேபில் தேர்ந்தெடுக்கும் பிரவுசரை எக்ஸ்எஃப்சிஇ தனக்கென்று உள்ள வேறொரு கோப்பிலும் வைத்துக்கொள்கிறது.

எந்த ஜன்னலாலும் எளிதில் தீராத சிக்கல்களும் உண்டு. ‘டிஎஸ்’ என்று முடியும் கோப்பு டைப்ஸ்கிரிப்ட் நிரலாக இருக்கலாம். டிவி ஒளிபரப்பிலிருந்து பதிந்த வீடியோவாகவும் இருக்கலாம். க்யூடி மொழிபெயர்ப்புக் கோப்பாகவும் இருக்கலாம். லினக்ஸ் முதலில் பெயரின் முடிவைப் பார்க்கிறது. அது போதாதபோது கோப்பின் உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்க்கிறது. டைப்ஸ்கிரிப்ட் வெறும் எழுத்து. அடையாளம் சொல்லும் பைட்டுகள் அதில் இல்லை. பழைய வகைத் தரவுத்தளம் உள்ள கணினிகளில் நிரல் கோப்பு வீடியோ பிளேயருக்குப் போவது இதனால்தான். இங்கே செயலியை மாற்றுவது தவறான மருந்து. மாற்றினால் உண்மையான வீடியோக்களும் எடிட்டரில் திறக்கும். ஹோம் ஃபோல்டரில் மைம் என்ற கோப்பு வகைத் தரவுக்கான இடத்தில் புதிய வகை ஒன்றை எழுதி, தரவுத்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்று பெயர் மாற்றம். உபுண்டு 21.10 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் வருகிறது. சாதாரணத் தொகுப்பிலும் ஸ்னாப்பிலும் ஃபிளாட்பேக் என்ற இன்னொரு வடிவிலும் அதன் டெஸ்க்டாப் கோப்புக்கு வெவ்வேறு பெயர். ஒன்றை நீக்கி இன்னொன்றை நிறுவினால், மைம்ஆப்ஸில் உள்ள பழைய பெயருக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகிறார். கணினி அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ‘நீங்கள் தேர்ந்தெடுத்த செயலி இப்போது இல்லை, எதில் திறக்கட்டும்?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

சொந்த ஸ்கிரிப்ட்டுக்கு டெஸ்க்டாப் கோப்பு எழுதுகிற தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. இயக்கும் வரியில் சதவீதக் குறியோடு ‘யூ’ போட்டால், க்னோமில் கோப்பின் பெயர் இணைய முகவரி வடிவில் வரும். அப்போது ‘அ’ என்ற ஓர் எழுத்தே மூன்று பைட்டுகளாகி, ஒன்பது குறிகளாக நீளும். தமிழில் பெயரிட்ட கோப்பை ஸ்கிரிப்ட்டால் கண்டுபிடிக்க முடியாது. ‘யூ’வுக்குப் பதில் ‘எஃப்’ போட்டால் வழக்கமான பாதை அப்படியே வந்துசேரும்.

எங்கே கோளாறு என்று பிரித்தறிய டெர்மினலில் எக்ஸ்டிஜி-மைம் என்ற கட்டளை உதவும். ‘கொயரி ஃபைல்டைப்’ என்று கொடுத்துக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் அதன் வகை தெரியும். ‘கொயரி டீஃபால்ட்’ என்று கொடுத்து அந்த வகையைச் சேர்த்தால் செயலி தெரியும். முதல் பதிலே தவறென்றால் வகைத் தரவில் கோளாறு. இரண்டாவது மட்டும் தவறென்றால் மைம்ஆப்ஸில்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கேடிஇ. பழைய, வேகம் குறைந்த கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ போதும். க்னோம் குழு அந்த ஆறு வகைகளோடு பிடிஎஃப்பையும் டெக்ஸ்ட்டையும் சேர்த்தே ஆக வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும், கணினியை ஃபார்மட் செய்யும் முன் மைம்ஆப்ஸ் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.