பெயர் என்னும் அளவுகோல்

கலை வரலாற்றை எழுதப் புகுவோர்க்குப் பெயர்கள் இன்றியமையாதவை. எண்ணற்ற ஓவியர்களையும் அவர்தம் படைப்புகளையும் வகைப்படுத்தாமல் எவராலும் நிரல்படக் கூற இயலாது. ஆயினும், பெயர் நமக்குப் பொருளைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்னும் வினா எழாமல் இல்லை.

ஐரோப்பிய நவீன ஓவியத்தின் புகழ்பெற்ற பெயர்களுள் பல, ஓவியர்கள் தாமே சூட்டிக்கொண்டவை அல்ல. 1874இல் பாரிசில் மோனே முதலியோர் நடத்திய கண்காட்சியைக் கண்ட லூயி லெருவா என்னும் இதழாளர், மோனேயின் ஓவியம் ஒன்றன் தலைப்பை எள்ளி எழுதினார். 'இம்ப்ரஷனிசம்' என்னும் பெயர் அவ்வாறு பரவிற்று. 1908இல் பிராக்கின் ஓவியங்களைக் கனசதுரங்கள் என்று லூயி வோசெல் என்னும் விமரிசகர் குறித்ததே 'கியூபிசம்' என்னும் பெயருக்கு வழிவகுத்தது. செசான், வான்கோ, கோகென் ஆகிய மூவரையும் ஒரு குடைக்கீழ்க் கொணரும் 'பின்-இம்ப்ரஷனிசம்' என்னும் பெயரை, ரோஜர் ஃபிரை 1910இல் இலண்டன் கண்காட்சி ஒன்றுக்காகப் படைத்தார். அப்போது மூவருமே உயிரோடில்லை. தம் வாழ்நாளில் கேட்டறியாத பெயரால் அவர்கள் இன்று அறியப்படுகின்றனர்.

ஏளனமாகப் பிறந்த பெயர் பின்னர்ப் பட்டமாகிவிடின் இழப்பு ஒன்றுமில்லை எனலாம். ஆனால் அப்பெயர் கடல் கடந்து வந்து, பிறிதொரு நாட்டுக் கலைஞனை அளக்கும் கோலாகும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. வங்கத்து ககனேந்திரநாத் தாகூர் (1867-1938) இதற்குத் தக்க சான்று. இவர் இரவீந்திரநாதர்க்கு மகன் முறையினர், அவனீந்திரநாதரின் தமையனார். இரவீந்திரநாதரின் தன்வரலாற்று நூலுக்குப் படம் வரைந்தவர். போலி நாகரிகத்தைக் கேலிச் சித்திரங்களால் சாடியவர். 1920களின் தொடக்கத்தில் கோணங்களும் சிதறிய ஒளியும் நிறைந்த ஓவியங்களைத் தீட்டலானார்.

இவ்வோவியங்களைப் பாராட்டி, 1922இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் இவரை 'இந்தியக் கியூபிஸ்ட்' என்று குறித்தார். பாராட்டாக வந்த அச்சொல்லே பின்னர்த் தளையாயிற்று. 1959இல் இந்திய நவீனக் கலை பற்றி நூலெழுதிய டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், பாரிஸ் ஓவியர்களோடு இவரை ஒப்பிட்டு, வலுவற்ற போலி என ஒதுக்கினார். கியூபிஸ்ட் என்று பெயரிட்டபின், பிராக்கைப்போல் இல்லை என்பது குறையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆப்பிரிக்கச் சிற்பங்களிலிருந்து பிக்காசோ பெற்றால் அது படைப்பாற்றல். பாரிசிலிருந்து இந்தியர் பெற்றால் அது பின்பற்றல். இந்த ஓரச்சார்பைப் பார்த்த மிட்டர் என்னும் வரலாற்றறிஞர் நன்கு எடுத்துக்காட்டியுள்ளார்.

பெயரை ஒருகணம் ஒதுக்கிவிட்டு ஓவியங்களை நோக்குவோமாயின் வேறோர் உலகம் புலனாகும். பிராக்கும் பிக்காசோவும் கிதாரையும் புட்டியையும் பகுத்து, திண்பொருளைத் தட்டைத் திரையில் காட்டும் வழியை ஆராய்ந்தனர். ககனேந்திரருக்கு அது நாட்டமன்று. படிக்கட்டுகள், வாயில்கள், நிழல் படிந்த மாளிகைகள், எங்கிருந்தோ பாயும் ஒளி ஆகியவற்றால் அவர் கனவுக்குரிய களம் ஒன்றை எழுப்பினார். இரவீந்திரநாதரின் நாடகங்களுக்கு அரங்கம் அமைத்த கை அது என்பதை நினைவிற்கொண்டால், இவ்வோவியங்களின் ஊற்று பாரிசில் மட்டும் இல்லை என்பது விளங்கும். அரங்கக் கலையின் அளவுகோலால் அளந்தால் இவை குறையுடையன ஆகா.

அவ்வாறாயின் பெயர்களே வேண்டா எனலாமோ? ஆகாது. திணைப் பாகுபாடு அறியாமல் அகப்பாட்டை நுகர்தல் அரிது. ஆனால் திணையைப் பாடும் புலவனும் அறிவான், கேட்போனும் அறிவான். மேலும், திணை மயக்கத்திற்கும் நம் இலக்கணம் இடம் தந்தது. கலை வரலாற்றின் பெயர்களோ பெரும்பாலும் படைத்தவன் அறியாமல் பின்னர் ஒட்டப்பெற்றவை. மயக்கத்தைப் பிழையாகக் கருதுபவை. பெயர் ஓவியத்தை நோக்கி நம்மை அழைத்துச் செல்லட்டும்; அங்கே சென்றபின் தீர்ப்புக் கூற வேண்டியது நம் கண்ணேயாகும்.