எஞ்சின் ஓடாத இரவு: டெஸ்லா மாடல் ஒய் வண்டியில் படுத்துப் பார்த்த அனுபவம்

எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு காருக்குள் தூங்குவது உயிரோடு விளையாடுவது. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் ஏர்கோன் குளிரும். எஞ்சின் ஓடினால் புகைக்குழாயில் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, நிறுத்திய வண்டிக்குள் கசிந்தால் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. சாலையோரத்திலும் எண்ணெய் நிலையத்திலும் இப்படிப் பறிபோன உயிர்களைப் பற்றி நம் நாளேடுகளில் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம். சரி, கண்ணாடியை இறக்கிவிட்டுப் படுக்கலாம் என்றால் கொசு விடாது. நாட்டிலேயே டெங்கிக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் நம்முடைய சிலாங்கூர்.

மின்சார எஸ்யூவியில் எஞ்சினும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, விடியும்வரை ஏர்கோனை ஓடவிட்டுத் தூங்கலாம். வேகம், தொடுதிரை, தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி என்று இந்த வண்டிகளைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். நம் ஊர் வெக்கையில் இவற்றின் பெரிய கொடை இந்தத் தூக்கம்தான் என்பது என் கருத்து. அதைச் சோதிக்க மைத்துனரின் டெஸ்லா மாடல் ஒய் வண்டியை வாங்கிவந்தேன்.

நமக்கு எதற்கு இது?

புக்கிட் பெருந்துங், புக்கிட் செந்தோசா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக், நைஜல் கார்டனர், மேரி என்று பெயரைச் சொன்னால், அங்கே பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ நினைவுக்கு வராத வீடு குறைவு. லயங்கள் இடிந்து செம்பனைக்குள் மறைந்த தோட்டங்களிலும் கோயில் நிற்கிறது. திருவிழா என்றால் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சொந்தபந்தம் திரும்பி வருகிறது. இரவு பூஜை முடிய நேரமாகும், காலையில் மறுபடி அபிஷேகம். தங்குவதற்கு அருகில் விடுதி கிடையாது. பெரியவர்கள் பந்தலில் பாய் விரிக்கிறார்கள், பிள்ளைகளைக் காருக்குள் படுக்கவைக்கிறார்கள். முகாம் என்ற பெயர் சொல்லாமலே நாம் ஆண்டாண்டாகச் செய்துவரும் முகாம் இது. இந்த வண்டியை நான் அப்படியொரு கோயில் திடலில்தான் முதலில் நிறுத்தினேன்.

படுக்கை

பின்னிருக்கைகளை மடிக்கும் பொத்தான்கள் சாமான் அறையின் பக்கச் சுவரிலேயே இருக்கின்றன. அழுத்தினால் முதுகுகள் முன்னே சாய்ந்துவிடும். முன்னிருக்கைகளை முன்னே தள்ளிவிட்டால் ஆறடி ஆள் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைக்கிறது. அகலம்தான் கொஞ்சம் இறுக்கம். சக்கர மேடுகளுக்கு நடுவே மூன்றடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெரியவர்கள் இருவர், அல்லது ஒருவரும் இரண்டு சிறு பிள்ளைகளும் படுக்கலாம்.

மடித்த இருக்கைகள் முழு மட்டமாக இருக்காது, முன்பக்கம் லேசாக உயர்ந்திருக்கும். இரண்டு வழிகளில் சமாளிக்கலாம். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தலைவைத்துப் படுப்பது ஒன்று. வண்டியின் முன்பக்கம் சற்றே தாழ்வாக இருக்கும்படி நிறுத்துவது இன்னொன்று; அப்படி நிறுத்தினால் படுக்கை மட்டமாகிவிடும். முன்னிருக்கைக்கும் மடித்த இருக்கைக்கும் இடையே கால்வைக்கும் பள்ளம் திறந்தே கிடக்கும். துணிப்பைகளை அதில் இறுக்கி அடைத்தால் தலையணை நழுவி உள்ளே விழாது. மேலே இரண்டு, மூன்று அங்குல மடிப்பு மெத்தை அவசியம். வெறும் போர்வை போதாது, விலா எலும்பில் உறுத்தும்.

முட்டிவலிக்காரரான என் அம்மா பின்கதவு விளிம்பில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தார். தாழ்வான செடான் வண்டியில் இது நடக்காது. சாமான் அறையின் அடித்தளத்துக்குக் கீழே ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. மாற்றுத்துணி அங்கே போனது. சேறு படிந்த செருப்புகள் முன்மூடிக்குக் கீழுள்ள பெட்டிக்குப் போயின. படுக்கும் இடம் சுத்தமாக இருந்தது.

ஏர்கோனும் மின்கலமும்

வண்டியை நிறுத்தி, திரையில் குளிர்சாதனப் பக்கத்தைத் திறந்து ‘கேம்ப்’ என்பதைத் தொட்டால் போதும். நாம் வைத்த வெப்பநிலையை வண்டி இரவு முழுக்கக் காக்கும். யூஎஸ்பி இணைப்புகளில் மின்சாரம் இருக்கும், விளக்கும் பாட்டும் வேலை செய்யும். பக்கத்துப் பந்தலிலிருந்து வந்த ஒரு பாட்டி கதவுப் பக்கம் கை நீட்டிக் குளிரைத் தொட்டுப் பார்த்தார். “எஞ்சின அடைச்சிட்டு ஏர்கோன் எப்படி ஓடுது தம்பி?” என்று கேட்டார். “இதுக்கு எஞ்சினே இல்ல பாட்டி, எல்லாம் பேட்டரிதான்” என்றேன். “அப்ப பிள்ளைங்கள தைரியமா படுக்க வைக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பேரனை அழைக்கப் போனார். அவர் கேட்டது சரியான கேள்வி, வந்த முடிவும் சரி.

அடுத்த கேள்வி, மின்கலம் காலியாகிவிடாதா? பின்சக்கர இயக்க மாடல் ஒய் வண்டியின் மின்கலம் ஏறத்தாழ 60 கிலோவாட் மணி கொண்டது, அதாவது வீட்டு மின்கட்டணக் கணக்கில் 60 யூனிட். நம் தாழ்நில இரவில் வெளியே 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு, ஈரப்பதமோ மிக அதிகம். அந்தச் சூழலில் இந்த ஏர்கோன் இழுப்பது படுக்கையறையில் மாட்டும் ஒரு குதிரைத்திறன் ஏர்கோனின் அளவுதான், சராசரியாக முக்கால் கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட், அதாவது மின்கலத்தில் 10 விழுக்காடு. ஓட்டத்தில் சொன்னால் 40 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். 80 விழுக்காட்டோடு போய்ச் சேர்ந்தால் வார இறுதி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் வீடு திரும்பத் தாராளமாக மிஞ்சும். மின்கலம் 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் கேம்ப் முறை தானாகவே நின்றுவிடும். அதனால் நடுக்காட்டில் மாட்டிக்கொள்ளும் பயம் வேண்டாம்.

வெப்பநிலையை 24இல் வைத்தால் போதும். அதைவிடக் குறைத்தால் மின்சாரமும் வீண், வெளிக்கண்ணாடியில் பனியும் திரளும். காலையில் வண்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தால் கசிவு என்று பதற வேண்டாம், அது ஏர்கோன் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த நீர். வண்டிக்கு வெளியே காற்றாடிச் சத்தம் அவ்வப்போது கேட்கும். அதனால் பக்கத்துக் கூடாரத்தை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

கதவு, திரை, கூரை

கேம்ப் முறையில் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்வதில்லை. சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் கேமரா முறையும் வேலை செய்யாது. படுக்கும்முன் திரையிலோ கைப்பேசிச் செயலியிலோ பூட்டுப் படத்தைத் தொட்டுப் பூட்டுவது நம் வேலை.

இந்த வண்டியில் கதவு திறப்பது மின்பொத்தானில். மின்சாரம் போனால் முன்கதவுகளில் கண்ணாடிப் பொத்தான்களுக்கு முன்னே இருக்கும் சிறு நெம்புகோலை மேலே இழுக்க வேண்டும். கூட வருகிறவர்கள் எல்லாருக்கும், பிள்ளைகளுக்கும், அதை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். இதை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது.

திரை இரவு முழுக்க ஒளிரும். வெளிச்சத்தைக் குறைத்து மேலே ஒரு துண்டைப் போடுங்கள். கூரை முழுவதும் கண்ணாடி. காலை ஏழரைக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும், சன்னல் மறைப்பும் கூரை மறைப்பும் தேவை. உடை மாற்றுவதற்கும் அவை உதவும்.

சோறு பொங்க முடியாது

இந்த வண்டியில் வீட்டுச் சாதனங்களைச் செருக வழியில்லை. இங்கேதான் புரோட்டோன் இ.மாஸ் 7 முந்துகிறது. 2024 டிசம்பரில் அறிமுகமான அந்த வண்டி, வெளியே 3.3 கிலோவாட் வரை மின்சாரம் தரும். சோற்றுக்கலம், காற்றாடி, பந்தலுக்கு விளக்கு என எல்லாம் ஓட்டலாம். சமைக்கும் கூட்டம் நாம், நமக்கு இது சின்ன விஷயம் அல்ல. மாடல் ஒய் 2023 ஜூலையில் இங்கே வந்தபோது 199,000 ரிங்கிட். இ.மாஸ் 7 அறிமுகமானபோது அதன் தொடக்க விலை சுமார் 110,000. அதைப் பொருத்தித் தயாரிக்கும் தஞ்சோங் மாலிம் ஆலையும் நமக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. படுக்கும் நீளத்துக்கும் சாமான் இடத்துக்கும் மாடல் ஒய் மேல். அடுப்படிக்கும் பணப்பைக்கும் இ.மாஸ் 7 மேல்.

எங்கே நிறுத்துவது?

வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நிறுத்துமிடத்தை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 டிசம்பர் 16 விடியற்காலை, பத்தாங் காலி–கெந்திங் சாலையோரப் பண்ணை முகாமில் மலைச்சரிவு இடிந்து 31 பேர் மாண்டார்கள், குழந்தைகளும் அதில் அடக்கம். நமக்குப் பக்கத்து ஊர் அது. மண் சரிந்தால் கூடாரமும் ஒன்றுதான், இரண்டு டன் வண்டியும் ஒன்றுதான். ஆகவே சரிவின் அடியில் நிறுத்தக் கூடாது. கோல குபு பாரு, உலு யாம் ஆறுகளின் கரையிலும் படுக்கக் கூடாது. மலையில் பெய்த மழை, நம் தலைக்குமேல் துளி விழாதபோதும் ‘கெப்பாலா ஆயர்’ என்னும் திடீர் வெள்ளமாகப் பாய்ந்து வரும். ஏர்கோன் ஓசையில், மூடிய கண்ணாடிக்குள், அந்த இரைச்சல் கேட்காது. ஆற்றைப் பகலில் பாருங்கள், இரவில் மேட்டு நிலத்துக்கு வந்துவிடுங்கள்.

கோயில் திடல், உரிமம் பெற்ற முகாம், செகிஞ்சான் கடற்கரைப் பக்கம் அனுமதியுள்ள வாகனத் திடல் ஆகியவை நல்ல இடங்கள். தோட்டத்துக்குள் என்றால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். புறப்படும்முன் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ளுங்கள், செம்பனைக்குள் மின்னேற்று நிலையத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

தீர்ப்பு

தூங்குவதற்காக மட்டும் இந்த விலையில் வண்டி வாங்கச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே மின்சார எஸ்யூவி வைத்திருப்பவர்கள், அல்லது வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், ஒரு மெத்தையும் சன்னல் மறைப்பும் வாங்கிப் பின்னால் போட்டுவையுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் காட்சியகத்திலேயே பின்னிருக்கையை மடித்துப் படுத்துப் பாருங்கள், நிறுத்திய நிலையில் இரவு முழுக்க ஏர்கோன் ஓடுமா என்று கேளுங்கள். இறக்குமதி மின்வண்டிகளுக்கான தீர்வை விலக்கு 2025 இறுதியோடு முடிந்துவிட்டது, விலையையும் மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, பிள்ளைகளை உள்ளே தூங்கவைக்காதீர்கள். திருவிழா இரவில்கூட வேண்டாம்.