உலா போனவரும் உலாவைப் பார்த்தவரும்

சத்திரத்தில் படுத்தால் நீங்கள் சுற்றுலாப் பயணி. அத்தை வீட்டுத் திண்ணையில் படுத்தால் இல்லை.

நக்கலுக்குச் சொல்லவில்லை. உள்நாட்டுச் சுற்றுலாப் பயணி யார் என்று ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் வகுத்திருக்கும் வரையறையின் சாரமே இதுதான். வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டு வேறு ஊருக்குப் போக வேண்டும். அங்கே ஓட்டலிலோ தர்மசாலையிலோ சத்திரத்திலோ 24 மணி நேரம் அல்லது ஓர் இரவாவது தங்க வேண்டும். 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. உல்லாசம், கோயில், விசேஷம், மாநாடு, படிப்பு, வைத்தியம் என எதற்காக வந்தாலும் சரி. ஆனால் லீவுக்குச் சொந்த ஊர் போய், உறவினர் வீட்டில் தங்கி, ஊர் சுற்றிக் காட்டும் வசதி எதையும் தொடாதவருக்குக் கணக்கில் இடமில்லை. பொங்கலுக்கு முதல் நாள் சென்னையிலிருந்து தெற்கே புறப்படும் அத்தனை பேருந்துகளும் பிதுங்குகின்றனவே, அது சுற்றுலா அல்ல. அதே கூட்டத்தில் ஒருவர், வீட்டில் இடம் போதவில்லை என்று பஸ் ஸ்டாண்ட் எதிரே லாட்ஜில் அறை போட்டு, போகிற போக்கில் அருவியையும் பார்த்துவிட்டு வந்தால் கணக்குக்குள் வந்துவிடுகிறார்.

இந்த வரையறையைக் கேலி செய்வது எளிது. ஆனாலும் அது முட்டாள்தனமானதல்ல. சத்திரத்தைச் சேர்த்த கை நம் நாட்டுப் பயணத்தை நன்றாகவே அறிந்த கை. அதன் மூதாதை ஜெனீவாவில் இருக்கிறது: 1937இல் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வைத்த 24 மணி நேரக் கோடு. 1963இல் ரோமில் கூடிய ஐ.நா. மாநாடு அந்தக் கோட்டை வைத்தே வருகையாளரை இரண்டாகப் பிரித்தது: 24 மணி நேரமாவது தங்குகிறவர் சுற்றுலாப் பயணி, அதற்கும் குறைவாகத் தங்குகிறவர் ஒருநாள் வருகையாளர். நடுவில், 1942இல், ஹுன்சிக்கர், கிராஃப் என்ற இரண்டு சுவிட்சர்லாந்துப் பேராசிரியர்கள் இன்னொரு வேலியும் போட்டார்கள்: போகிற இடத்தில் நிரந்தரமாகக் குடியேறுவதோ சம்பாதிப்பதோ கூடாது. ஐரோப்பாவே போரில் எரிந்துகொண்டிருக்க, சுவிஸ் ஓட்டல்கள் ஈயாடிய வருடத்தில்தான் சுற்றுலாவுக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள்.

இவை எல்லாமே எண்ணுவதற்காகப் பிறந்த வரையறைகள். யார் வெளியூர்ப் பணத்தை இங்கே கொண்டுவந்து செலவழிக்கிறார், யார் இங்கே சம்பாதித்துக்கொண்டு போகிறார் என்று பிரித்தாக வேண்டும். அந்த வேலைக்கு இவை போதும். அதே வரையறையை எடுத்துப் போய், அதுவே சுற்றுலாவின் பொருள் என்று முதலாண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதில்தான் எனக்குச் சண்டை.

நம் சுற்றுலாவியல் பாடநூல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆற்றுப்படைதான் உலகின் முதல் பயணக் கையேடு என்று பெருமையோடு தொடங்கும். அடுத்த பக்கத்தில் ஹுன்சிக்கர் வரையறை இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆற்றுப்படையில் வரும் பாணனும் கூத்தனும் எதற்குப் போனார்கள்? வள்ளலிடம் பரிசில் பெற. போன இடத்தில் சம்பாதிப்பவர் சுற்றுலாப் பயணி அல்லர் என்றால், பத்துப்பாட்டில் வழிகேட்டு நிற்கும் அத்தனை இரவலரும் முதல் அத்தியாயத்திலேயே வெளியே போக வேண்டியவர்கள். அவர்களுடைய இன்றைய வாரிசைத் தேடினால், ஊட்டி ஓட்டலில் அறை துடைக்க வடக்கிலிருந்து ரயிலேறி வந்த பையன்தான் அகப்படுவான். அவனும் வரையறைக்கு வெளியேதான் இருக்கிறான்.

எண்ணும் வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறோமா? 2019இல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுச் சுற்றுலா வருகை 49 கோடிக்கு மேல் என்கிறது அரசுப் புள்ளிவிவரம். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையே ஏழேகால் கோடிக்கும் சற்றுக் குறைவு. 49 கோடி என்பது ஆட்கள் அல்ல, வருகைகள். மதுரையில் ஓர் இரவு, இராமேசுவரத்தில் ஓர் இரவு, கன்னியாகுமரியில் ஓர் இரவு தங்கிய ஒரே குடும்பம் மூன்று முறை எண்ணப்படும். வெளிநாட்டார் கணக்கில் இது இன்னும் வெளிச்சம். அந்த ஆண்டு இந்தியாவுக்குள் வந்திறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. மாநிலங்கள் கொடுத்த வெளிநாட்டு வருகைகளைக் கூட்டினால் 3 கோடியைத் தாண்டுகிறது. பொய் எதுவும் இல்லை, ஓர் ஆள் பல ஊர் போகிறார், அவ்வளவுதான். ஆனால் மேடையில் இந்த எண்ணைச் சொல்லும்போது ‘வருகை’ நழுவி ‘பயணிகள்’ ஆகிவிடுகிறது.

2021–22இல் மாமல்லபுரம் தாஜ்மகாலை முந்தியது என்ற செய்தி நினைவிருக்கலாம். தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டார் அதிகம் வந்தது மாமல்லைக்கு, ஏறத்தாழ 1.45 லட்சம் பேர். தாஜுக்கு 39 ஆயிரம்கூட இல்லை. நாமும் மகிழ்ந்தோம். வழக்கமான பன்னாட்டு விமானங்கள் கிட்டத்தட்ட அந்த நிதியாண்டு முழுக்க நிறுத்தப்பட்டிருந்தன என்பதை மகிழ்ச்சியில் மறந்துபோனோம். டிக்கெட் கவுன்டரில் யார் நின்றார் என்று மட்டும் சொல்லும் எண் அது. அவர் எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

மாமல்லையில் அதைத் தெரிந்த ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். ஐந்து ரதத்துக்கு வெளியே பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண். தார்ப்பாயில் உட்கார்ந்தபடி, பஸ்ஸிலிருந்து இறங்கும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “செருப்பப் பாத்தாலே தெரியும் சாமி.” ஸ்கூல் பிள்ளைகள் விலை கேட்பார்கள், வாங்க மாட்டார்கள். சனி ஞாயிறு சென்னையிலிருந்து காரில் வரும் ஜோடிகள் பாதி விலைக்குக் கேட்டு, கடைசியில் முக்கால் விலைக்கு வாங்குவார்கள். கைடோடு வரும் வெள்ளைக்காரர்களை அவள் கூப்பிடுவதே இல்லை. கைடு அவர்களைச் சிலைக் கடைக்குத்தான் கூட்டிப்போவார், அங்கே கமிஷன் உண்டு. ஒரு துறை மூன்று பருவத்தில் கற்பிக்கும் சந்தைப் பகுப்பை அவள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அவள் சொன்ன காரில் வரும் ஜோடி இருட்டுவதற்குள் ஈ.சி.ஆரில் திரும்பிவிடும். வரையறைப்படி அவர்கள் சுற்றுலாப் பயணிகளே அல்லர்.

இந்த ஒருநாள் ஆட்களிடம்தான் அந்தக் கோடு உலகம் முழுக்க உடைகிறது. வெனிஸ் 2024 ஏப்ரலில் நுழைவுக் கட்டணம் விதித்தது, 5 யூரோ. நகரில் இரவு தங்குபவருக்குக் கிடையாது. காலையில் வந்து மாலையில் போகிறவருக்கு மட்டும். பழைய நகரின் குடிமக்கள் 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்ட ஊரில், மூச்சுமுட்ட வைத்தது புத்தகம் ஓரமாகத் தள்ளிய ஆள்தான்.

சரி, துறைக்கு வருவோம். சுற்றுலாவியல் தனித்த அறிவுத்துறையா என்ற வழக்கு வெகுநாளாக நடக்கிறது. ‘ஆம்’ என்று வாதிட்டவர்களில் ஆஸ்திரேலியாவின் நீல் லைப்பர் முக்கியமானவர். புறப்படும் ஊர், கடக்கும் வழி, போய்ச் சேரும் இடம் என 1979இல் அவர் வரைந்த படம் இன்றும் பாடத்தில் இருக்கிறது. 1997இல் ஜான் டிரைப் அந்தக் கோரிக்கையை நேரடியாக மறுத்தார். தனக்கென முறையோ கருத்துகளோ இல்லாமல், பொருளியலிடமும் சமூகவியலிடமும் புவியியலிடமும் கடன் வாங்கி நிற்கும் ஒரு களம் இது, துறை அல்ல என்றார். நான் டிரைப் பக்கம். கடன் வாங்குவது குற்றமில்லை. மருத்துவமும் வேளாண்மையும்கூட அப்படித்தான். வாங்கிய கடனில் என்ன கட்டினார்கள் என்பதே கேள்வி.

கட்டியவற்றில் நல்லவை உண்டு. 1975இல் டாக்ஸி என்ற ஆய்வாளர், உள்ளூர்வாசிகளின் மனநிலை வரவேற்பில் தொடங்கிப் பகையில் முடியும் படிகளை அடுக்கிக் காட்டினார். ஒரு ஊர் கண்டுபிடிக்கப்பட்டு, வளர்ந்து, தேங்கிப்போகும் வளைகோட்டை 1980இல் பட்லர் வரைந்தார். ஒரு இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. இவை எண்ணியவை அல்ல, கவனித்தவை.

இங்கே என்ன ஆயிற்று? 2024இல் ஊட்டி, கொடைக்கானல் நெரிசல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று கண்டறியும் வேலை ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கும் ஐ.ஐ.எம். பெங்களூருக்கும் போனது. தமிழ்நாட்டில் பட்டமேற்படிப்பு வரை சுற்றுலாவியல் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அந்தக் களத்தின் மையக் கேள்வி நீதிமன்றத்தில் வந்து நின்றபோது கூப்பிடப்பட்டவர்கள் பொறியாளர்களும் மேலாண்மைக்காரர்களும். நீதிமன்றத்தை இதில் குறைசொல்ல மாட்டேன். டிக்கெட் போடுவதும் விருந்தினரைப் புன்னகையோடு வரவேற்பதும் கற்பிக்கும் படிப்பாக இதைச் சுருக்கி வைத்தது நாம்தான். அந்தப் படிப்பு வேலை வாங்கித் தருகிறது, அது சிறிய விஷயமல்ல. ஆனால் அதற்கு ஆய்வுத்துறை என்று பெயர் சூட்டக் கூடாது.

இந்தக் களத்துக்கு நியாயமான வேலை ஒன்று உண்டென்றால், அதற்கான குறிப்பு நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றுலா என்பதில் உள்ள உலா ஒரு சிற்றிலக்கியம். தலைவன் யானையிலோ தேரிலோ வீதியில் பவனி வருவான். அவன் எதையும் வேடிக்கை பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்குப் பாடியதும் இந்த வரிசையில்தான். போகிறவர் பார்க்கப்படுகிறவர், வீதியில் நிற்பவரே பார்ப்பவர். மேற்கில் ஜான் அரி 1990இல் பயணியின் பார்வையை மையமாக வைத்து ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார். பயணி பார்க்கிறார், ஊர் பார்க்கப்படுகிறது. அந்தப் பார்வையைத் திருப்பிக் காட்ட ஆண்டுகள் பிடித்தன. 2006இல் தார்யா மாவோஸ், இந்தியாவில் முதுகுப்பையோடு திரியும் இஸ்ரேலிய இளைஞர்களையும் அவர்களை எடைபோடும் உள்ளூர்க்காரர்களையும் சேர்த்தே ஆராய்ந்தார். இந்தக் களம் செய்ய வேண்டியதற்கு அதை நான் மாதிரி என்பேன்.

ஆக, வரையறையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிடலாம், அவர் அதைச் சரியாகவே பயன்படுத்துவார். துறை என்ற பட்டத்துக்கான விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். வீதியில் நிற்பவரின் கண்ணை ஆராய்ச்சிக்குள் கொண்டுவராத எந்தச் சுற்றுலா ஆய்வையும் வணிக அறிக்கை என்றே வகைப்படுத்துவேன்.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலையேறத் தொடங்கும் கல்லாறு சாவடியில் வண்டிகளை நிறுத்தி இ-பாஸ் பார்க்கிறார்கள். நீலகிரிப் பதிவெண்ணுக்கு விலக்கு. ஊட்டியில் பிறந்து கோவையில் வேலைபார்த்து, அங்கேயே கார் வாங்கிய ஒருவர் தன் அம்மாவைப் பார்க்கப் போனாலும் ஏதோ ஒரு பாஸைக் காட்டியாக வேண்டும். அமைச்சகத்தின் ஏட்டில் அவர் சுற்றுலாப் பயணி அல்லர். சாவடிக்காரர் ஏட்டைப் பார்ப்பதில்லை, நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார்.